நாற்றக்காரன் கிளை

லண்டன், கேம்டன் டவுன்
2 மார்ச் 1953

அக்கா மிரோஃபோராவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ எழுதிய கடிதம் ஜனவரிக் கடைசியில் வந்தது. சிக்கனம் பார்த்துக் கப்பல் தபாலில் போட்டால் அப்படித்தான். பதில் போடத் தாமதமானதற்கு என்னைத் திட்டாதே. பகல் முழுக்க ஓட்டல் அடுக்களையில் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் மனைவி எஃப்தாலியாவின் தையல் மெஷின் சத்தத்தில் பேனா ஓடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு தேநீர்க் கடை விலைக்கு வருகிறது. பதினைந்து வருஷமாக அடுத்தவன் தட்டைக் கழுவியாகிவிட்டது. எனக்கென்று ஒரு கதவு வேண்டும், அதைக் காலையில் நான் திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதனால் ஊரில் இருக்கும் மேட்டு நிலத்தை விற்கிறேன். சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கும் மெலெதிஸ் கேட்கிறான். கல்லும் அவனுக்கு ஆகும், விறகும் ஆகும். மே மாதம் பத்திரம். ஊர்த்தலைவர் பியெரிஸுக்கு எழுதிவிட்டேன்.

மேட்டில் நிற்கும் மரத்தை, அந்த நாற்றக்காரனைத்தான் முதலில் வெட்டிக் காளவாயில் போடப் போகிறானாம். போடட்டும். அன்றைக்கு நான் இங்கே ஒரு கிளாஸ் கூடுதலாகக் குடிப்பேன். நிலம் என் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து தேவையில்லை. மரியாதைக்குச் சொல்கிறேன்.

உன் தம்பி
லோயிசோஸ்


கலோபெத்ரா, சைப்ரஸ்
24 மார்ச் 1953

தம்பிக்கு,

மரியாதைக்குச் சொன்னாயாம். உன் மரியாதையை அடுப்பில் வை. இந்தக் கடிதத்தை விமானத் தபாலில் போடுகிறேன், என் கோபம் ஆறுவதற்குள் உனக்கு வந்து சேரட்டும்.

தேநீர்க் கடை வாங்கு, வேண்டாம் என்று யார் சொன்னது? நிலத்தை விற்பதும் உன் இஷ்டம். ஆனால் அந்த மரத்தை வெட்டுகிறவனுக்கு விற்காதே. நாம் எதைத் தின்று வளர்ந்தோம் என்று லண்டனில் மறந்துபோகுமோ? வெனிஸ்காரர்கள் காலத்தில் இந்த ஊரில் பருத்தி இருந்ததாம், துருக்கி ஆட்சியில் பட்டுப்புழு இருந்ததாம். இரண்டும் போய்ச் சேர்ந்தன. கரோப் மரம் மட்டும் நின்றது. ஆகஸ்டில் பியெரிஸ் மணி அடித்ததும் ஊர் மொத்தமும் கழியோடு ஏறி நெற்றை உலுக்கும். கழுதைகள் மூட்டையைக் கடற்கரைக் கிடங்குக்கு இறக்கும். அதை வைத்துத்தான் இங்கே கல்யாணம், கருமாதி, பிள்ளைகளின் செருப்பு எல்லாம். எங்கள் வீடும் அதில்தான். என் வீட்டுக்காரர் ஹம்பிஸ் ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் இடுப்பு குனிய விடுவதில்லை. மற்ற வேலை எதுவும் அவரால் ஆகாது. இருக்கிற ஒன்பது மரமும் காய்த்தால்தான் எங்களுக்கு அடுப்பு எரியும்.

அந்த ஒன்பதும் உன் மேட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? மேட்டில் அந்த மரத்தைத் தட்டி, "இவன் புருஷன்டா. கீழ நிக்கிறதெல்லாம் இவன் பொண்டாட்டிங்க. இவன் நாத்தம் காத்துல போனாத்தான் அவளுங்க வயித்துல காய் நிக்கும்"னு சொல்வார். நாம் சிரித்துச் சிரித்து உருண்டோம். எனக்கும் அது முழுதாக நம்பிக்கையில்லைதான். ஆனால் சோதித்துப் பார்க்கவும் தைரியமில்லை. நெற்று விலை ஏறிய நாளிலிருந்து ஆளாளுக்குக் கத்தியும் கையுமாக அலைகிறார்கள். ஒட்டுக் கட்டியவனுக்கே மரம் என்ற வழக்கம் இருக்கிறதே, அடுத்தவன் நிலமானாலும் சும்மா விடுவதில்லை. காட்டில் காய்க்காமல் நின்ற ஆண்மரம் எல்லாவற்றிலும் பெண்மரத்துக் குச்சியை ஒட்டிவிட்டார்கள். மிச்சம் நிற்பது நம் நாற்றக்காரன் ஒருவன்தான்.

யோசித்து எழுது.

மிரோஃபோரா


லண்டன்
9 ஏப்ரல் 1953

அக்கா,

அப்பா சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்கிறாய். எனக்கு வேறொன்றும் நினைவிருக்கிறது. 1937 அக்டோபர்.

தியோக்னோசியாவுக்கும் எனக்கும் நிச்சயம். மாப்பிள்ளையான எனக்குப் பன்னிரண்டு மரம் தருவதாக நம் அப்பா பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் இடம் போதாது என்று மேட்டில் அந்த மரத்தடியிலேயே மேஜை போட்டார். அவன் பூத்து நாறுகிற மாதம் என்று யோசிக்கவேயில்லை. பெண்ணின் அப்பா மிஹாலிஸ் மாமா உட்கார்ந்து பதினொரு மரத்தை எண்ணினார். "பன்னெண்டாவது எங்க?" என்றார். அப்பா தலைக்கு மேலே கையைக் காட்டினார். மாமா மேலே பார்த்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்தார். "காய்க்காத மரத்தையும் கணக்குல சேத்தீங்களா? இல்ல, மாப்பிள்ளையும் இதே ஜாதியா?" என்றார்.

அப்போது ஒருத்தி சிரித்தாள். முதலில் சிரித்தது நீ. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். மாமா மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டுக்கறி தட்டில் அப்படியே ஆறியது. அதன்பின் நான் காபிக் கடைக்குள் நுழைந்தால் எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள். ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு கப்பலேறினேன்.

அந்த மரம் எரியட்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதாதே.

லோயிசோஸ்


கலோபெத்ரா
30 மே 1953

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமலிருந்தேன், செய்தேன். நாற்றக்காரனுக்கு ஒட்டுக் கட்டிவிட்டேன். துளிர்த்துவிட்டது. இரண்டு சாட்சிகளைக் கூட்டிப் போய்க் காட்டி, பியெரிஸ் மரப் புத்தகத்தில் என் பெயரை எழுதியாயிற்று. நிலம் உன்னுடையது, மரம் என்னுடையது. எந்த நேரமும் போய்வர எனக்குப் பாதை உண்டு. அதைக் கேட்டதும் மெலெதிஸ், "அக்கா தம்பி சண்டைக்குள்ள நான் எதுக்குக் காளவாய் போடணும்"னு வேறு நிலம் பார்க்கப் போய்விட்டான்.

கட்டியது ரிஃபாத். அவன் கை ராசி உனக்குத் தெரியும். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கட்டினான். "ஒரு கிளைய மட்டும் அப்படியே விட்டுடு அக்கா. உங்கப்பா சும்மா சொல்லல" என்றான். நானும் சரி என்றுதான் நினைத்தேன். பியெரிஸ் விடவில்லை. "பாதி ஒட்டுன்னா பாதி மரந்தான் உன்னுது. மீதியை மெலெதிஸ் வெட்டிக்குவான். அப்புறம் எங்கிட்ட வந்து அழாத" என்றார். "அப்ப முழுசும் கட்டு" என்றேன். ரிஃபாத் கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றான், பிறகு கட்டினான்.

நீ கோபப்படுவாய். படு. மரம் நிற்கிறது, எனக்கு அது போதும்.

அந்த நாள் சிரித்தது உண்மைதான். பயத்தில் வந்த சிரிப்பு அது. எனக்கு அப்படி வரும், அப்பாவைப் புதைக்கும்போதும் வந்தது. உனக்கு வலித்திருக்கும் என்று அன்றைக்கே தெரியும். சொல்லத்தான் பதினாறு வருஷம் ஆயிற்று.

மிரோஃபோரா


லண்டன்
12 ஜூன் 1953

கடையை வேறொருவன் வாங்கிவிட்டான். தினமும் அதன் முன்னால்தான் வேலைக்குப் போகிறேன். உன் மரத்தோடு நன்றாக இரு.

லோ.


கலோபெத்ரா
19 செப்டம்பர் 1954

தம்பி லோயிசோஸுக்கு,

பதினைந்து மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை. இதைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

போன வருஷம் நெற்று நன்றாகவே இருந்தது. ஒட்டுக் கட்டுவதற்கு முந்தின அக்டோபர்ப் பூவின் காய் அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "பாத்தியா ரிஃபாத், உன் பயத்த"ன்னு அவனைக் கேலிகூடச் செய்தேன். இந்த வருஷம் பிப்ரவரியில் பிஞ்சு தெரியவில்லை. தாமதம் என்றார்கள். ஈஸ்டருக்கும் தெரியவில்லை. ஆகஸ்டில் பியெரிஸ் வழக்கத்தை விடக்கூடாது என்று மணி அடித்தார். எல்லாரும் கழியோடு போய் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உலுக்க ஒன்றுமில்லை. கழுதைகள் சேணத்தோடு வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பின.

பாதிரியார் மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றினார். அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, நாலு இலையைத் திருப்பிப் பார்த்து, நோயில்லை என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு குடும்பம் ஏற்கனவே ஆஸ்திரேலியாவுக்குப் பேர் கொடுத்துவிட்டது.

எனக்குத் தெரியும் லோயிசோஸ். பெண்டாட்டிகள் அத்தனை பேர் நிற்கிறார்கள், புருஷனைப் பெண்ணாக்கியது நான். உன்னிடமிருந்து மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவனை நானே கொன்றேன். ரிஃபாத்துக்கும் தெரியும். என்னைப் பார்ப்பான், வாயைத் திறக்கமாட்டான். ஒட்டை வெட்டிவிட்டால் அடிமரம் பழையபடி துளிர்க்காதா என்று கேட்டேன். துளிர்க்கும், பூக்க நாலைந்து வருஷம் ஆகும் என்றான். நாலைந்து வருஷம் இங்கே யார் இருப்பார்கள்?

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பழி மெலெதிஸ் மேல் விழுந்துவிட்டது. அவன் காளவாய்ப் புகைதான் பூவைக் கருக்கியதாம். போன வாரம் அவன் வீட்டுச் சுவரை இடித்துவிட்டார்கள். அவன் மனைவிக்குக் கடையில் மாவு தரமாட்டேன் என்கிறார்கள். நான் அந்தக் கடையில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன், "அரைப்படி உப்பு"ன்னு கேட்டேன். வீட்டுக்கு வந்து ஹம்பிஸிடம் சொல்லி அழுதேன். "சொல்லிடு, நடக்கறது நடக்கட்டும்" என்கிறார் அவர். சொன்னால் என் வீட்டுச் சுவரும் போகும். அது போனாலும் பரவாயில்லை, சொல்லி நெற்று வருமா?

ஊரில் நிறையக் காய்த்திருப்பது ஒரே மரம். தியோக்னோசியா வீட்டு முற்றத்து மரம். பக்கத்து இரண்டு வீட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. புதனும் வெள்ளியும் அவள் எண்ணெய்கூடச் சேர்க்காமல் நோன்பு இருப்பதன் பலன் என்று பாதிரியார் சொல்கிறார். மிஹாலிஸ் மாமா போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். தேவாலயத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். அந்த நிச்சயத்துக்குப் பிறகு அவளை யாரும் கேட்டு வரவில்லை. உனக்கு மூக்கைப் பிடித்தார்கள், நீ கப்பலேறிவிட்டாய். அவள் எங்கே போவாள் என்று நாம் இரண்டு பேருமே நினைத்ததில்லை.

மிரோஃபோரா


லண்டன்
28 செப்டம்பர் 1954

அக்கா,

இதை நின்றுகொண்டு படி. படித்ததும் கிளம்ப வேண்டியிருக்கும்.

அது நோன்பு இல்லை. நான்.

கப்பலேறுவதற்கு முந்தின நாள். 1938, ஈஸ்டருக்கு மறுநாள். ஊர் முழுக்கத் தேவாலய மைதானத்தில் விளையாட்டுப் பார்க்கப் போயிருந்தது. ரிஃபாத்தின் கத்தியைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. நாற்றக்காரனிலிருந்து நல்ல குச்சியாக நான்கு வெட்டினேன். மிஹாலிஸ் மாமா வீட்டுச் சுவரேறி, முற்றத்து மரத்தில் ஏறி, அவர்கள் ஜன்னலுக்கு நேரே நிற்கும் பெரிய கிளையைத் தறித்து, நான்கையும் ஒட்டினேன். உயரமாக, ஒட்டு இலைக்குள் மறைகிற இடத்தில். வருஷா வருஷம் அக்டோபரில் அவர் வீடும் நாறட்டும், அவரும் கைக்குட்டையோடு உட்காரட்டும் என்றுதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கப்பலில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். எஃப்தாலியாவிடம்கூடச் சொன்னதில்லை. நேற்று சொன்னேன். சிரிக்கவில்லை அவள். "அந்தப் பொண்ணு அந்த ஜன்னல்லதான இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.

அவர்கள் அந்தக் கிளையை வெட்டியிருந்தால் மரம் காய்த்திருக்காது. அதனால் கிளை இருக்கிறது. போய்ப் பார். ரிஃபாத்தைக் கூட்டிப் போ. என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும்.

மெலெதிஸ் விஷயத்தைத் தள்ளிப் போடாதே. ஊர் கூடுகிற இடத்தில் சொல். என் பெயரையும் சேர்த்துச் சொல்: கோபத்தில் விற்கப் பார்த்தது நான், அதனால்தான் நீ கத்தி எடுத்தாய். சுவரேறியதையும் சொல். எதையும் மறைக்காதே.

நான் உனக்கு எழுதாமல் இருந்த பதினைந்து மாதமும் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். இப்போது அதையும் எண்ணிப் பார்க்கிறேன்.

லோயிசோஸ்


கலோபெத்ரா
1 நவம்பர் 1954

தம்பிக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

உன் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் நின்று சொன்னேன். முதலில் மெலெதிஸைப் பார்த்து, பிறகு எல்லாருக்கும். பியெரிஸ் தொப்பியைக் கழற்றி, "முழுசும் கட்டச் சொன்னது நாந்தான்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. இரண்டு மூன்று பேர் என்னைக் கண்டபடி பேசினார்கள். பேசட்டும், அவர்களுக்குப் பாத்தியம் உண்டு. மெலெதிஸ் மட்டும், "இடிச்ச சுவர யாரு கட்டுறது, அதச் சொல்லுங்க" என்றான். இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து நேராகத் தியோக்னோசியா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், கையெல்லாம் மாவு. நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"உன் தம்பி எழுதிட்டானா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னிக்கு நான் விளையாட்டுப் பாக்கப் போகல மிரோஃபோரா. போனா எல்லாரும் என்னையப் பாப்பாங்க. ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். சுவரேறிக் குதிச்சான். என்னப் பாக்கத்தான் வந்துட்டான்னு நெனச்சேன். தலையக்கூட வாரிக்கிட்டேன்." விரலில் ஒட்டிய மாவை உருட்டி உதிர்த்தாள். "அவன் மரத்த மட்டுந்தான் பாத்தான்."

"ஏன் கத்தல?"

"கத்தினா அப்பா அன்னிக்கே வெட்டியிருப்பாரு. அப்புறமும் ரெண்டு தடவ கோடாலி எடுத்தாரு, காய்க்காத கிளைன்னு. நெழலுக்காச்சும் இருக்கட்டும்ப்பான்னேன். என்னமோ, அவன் ஒருத்தன்தான் எனக்காக இவ்வளவு சிரமப்பட்டது. கோவத்துலதான், இருக்கட்டுமே."

எனக்கு அழுகை வந்தது. உனக்குத் தெரியுமே, வந்தது சிரிப்பாக வந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒழுங்காக அழுதோம்.

கிளை இப்போது இடுப்புத் தடிமன், முழுக்கப் பூ. அந்த நாற்றம் தெருமுனைவரை வருகிறது, மேட்டிலிருந்து வருகிறது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். ரிஃபாத் ஏறிப் பார்த்தான். "யாரு கட்டுனது இது? பரவாயில்லையே" என்றான். உன் கத்திதான் என்று நான் சொன்னதும் கீழே விழப் பார்த்தான். பூத்த குச்சிகளை வெட்டி, தண்ணீர்ச் சட்டியில் வைத்து ஒவ்வொரு தோப்பிலும் காற்று வரும் பக்கம் தொங்கவிட வேண்டும் என்கிறான். வசந்தத்தில் ஒட்டுக்குச்சியும் எடுத்து, நாற்றக்காரனின் ஒரு பக்கத்தைத் திரும்ப ஆணாக்கலாம். எல்லாத் தோப்பும் காய்க்காது, பாதித் தோப்பிலாவது காய் நிற்கும் என்கிறான்.

மறுநாளே ஊர் அவள் வாசலில் வரிசை கட்டியது. பூத்த குச்சி என்ன விலை என்று கேட்டார்கள். அவள் விலை சொல்லவில்லை. மரத்தடியில் ஒரு நீள மேஜை போட்டிருந்தாள். ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, ஒரு பெரிய சட்டி ஆட்டுக்கறி. "உள்ள வாங்க. உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்கிட்டுப் போங்க" என்றாள். அந்த நாற்றத்துக்கு நடுவில் ஊர் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிட்டது. காபிக் கடையில் உனக்கு மூக்கைப் பிடித்தவர்கள் இரண்டு கையாலும் சாப்பிட்டார்கள். ஒருத்தர்கூடக் கைக்குட்டையை எடுக்கவில்லை. மெலெதிஸையும் அவன் மனைவியையும் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பியெரிஸுக்கு ஒரு சந்தேகம். ஒட்டுக் கட்டியவனுக்கே மரம் என்றால் கிளை உன்னுடையது. நீ ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம்.

மிரோஃபோரா


லண்டன்
10 நவம்பர் 1954

அக்கா,

பியெரிஸுக்குத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு அந்தக் கிளையில் பாத்தியம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஒட்டியது நான்தான். பதினாறு வருஷம் கோடாலிக்கு முன்னால் நின்றவள் அவள். மரப் புத்தகத்தில் அவள் பெயர் இருக்கட்டும். மேட்டு நிலம் விற்பனைக்கு இல்லை. நாற்றக்காரன் உன் பெயரிலேயே நிற்கட்டும்.

தியோக்னோசியாவிடம் என் சார்பில் நீ எதுவும் சொல்லாதே. நீ சொன்னால் நன்றாகச் சொல்லிவிடுவாய், எனக்கு அது சுலபமாகப் போய்விடும். அந்த நாள் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அதை நானே அவள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். எஃப்தாலியாவும் அதைத்தான் சொல்கிறாள்.

அடுத்த அக்டோபரில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அவன் பூக்கிற மாதம்தான், தெரிந்தேதான் கேட்டேன். அந்த மேஜையில் எனக்கும் ஒரு தட்டு வைக்க அவளுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டு எழுது.

உன் தம்பி
லோயிசோஸ்